ஈர்ப்பு அலை எச்சரிக்கை வந்தபின் எந்த ரேடியோ தொலைநோக்கி?

இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதாக ஈர்ப்பு அலைகளை உணரும் லைகோ கருவியிலிருந்து எச்சரிக்கை வந்தால், ரேடியோக்காரர் முன் மூன்று வழிகள் உண்டு. ஒளியியல் தொலைநோக்கிகள் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்து வி.எல்.ஏ. (அமெரிக்கா), மீர்காட் (தென்னாப்பிரிக்கா), ஜி.எம்.ஆர்.டி. (இந்தியா) போன்ற ரேடியோ தொலைநோக்கி அணிகளால் ஆழமாகப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் ஆஸ்கேப் மாதிரி அகலப் பார்வைக் கருவியால் பிழைப் பரப்பு (மோதல் நடந்திருக்கக்கூடிய வானப் பகுதி) முழுவதையும் துழாவலாம். குறைந்த அதிர்வெண் அணிகளால் மோதிய கணத்தில் கிளம்பக்கூடிய குறும் ரேடியோத் துடிப்புக்கு வலை வீசலாம்.

பொதுவாக முதல் வழிதான் சிறந்தது. 2017 ஆகஸ்ட் 17 மோதலின் பிழைப் பரப்பு 28 சதுர டிகிரி. சுமார் 11 மணி நேரத்தில் ஒளியியல் படம் அதை என்.ஜி.சி. 4993 விண்மீன் மண்டலத்தில் காட்டிவிட்டது. ரேடியோவில் முதல் ஒளி தெரிந்ததோ 16ஆம் நாள்தான். பிறகு மெல்ல ஏறி, ஐந்து மாதம் கழித்து, 3 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 100 மைக்ரோஜான்ஸ்கியில் (ரேடியோ ஒளிர்வின் அலகு) உச்சம் தொட்டது. முதல் வாரத்தில் ஒன்றுமில்லை என்று நிறுத்தியிருந்தால் எல்லாமே போயிருக்கும். கண்டங்கள் தாண்டி இணைத்த தொலைநோக்கி அணிகள் 75ஆம் நாளுக்கும் 230ஆம் நாளுக்கும் இடையே அந்தப் புள்ளி நகர்ந்ததை அளந்தன. தோற்ற வேகம் ஒளியைப்போல் நான்கு மடங்கு (ஏறக்குறைய நம்மை நோக்கி வருவதால் எழும் மாயத்தோற்றம்; உண்மையில் ஒளியை மிஞ்சவில்லை). ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் குறுகிய தாரை ஒன்று கிளம்பியிருந்தது அப்படித்தான் உறுதியானது.

இதில் சறுக்கும் இடம் வி.எல்.ஏ.யின் அமைப்பு, அதாவது அதன் ஆன்டெனாக்களை நெருக்கியோ பரப்பியோ வைக்கும் முறை. அந்த மண்டலத்தின் மையத்திலும் ஒரு ரேடியோ மூலம் உண்டு, வெறும் 10 விநாடிக்கோணம் (ஒரு விநாடிக்கோணம் டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) தள்ளி. நெருக்கமான டி அமைப்பில் 3 கிகாஹெர்ட்ஸ் கற்றையின் (பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய புள்ளியின்) அகலம் 23 விநாடிக்கோணம், இரண்டும் ஒட்டிப்போகும். இன்னும் பரந்த சி அமைப்பில் 7, மிகப் பரந்த ஏ அமைப்பில் 0.65. சில மாதங்களுக்கு ஒருமுறை அமைப்பு மாறுவதால், மண்டலத்தின் பரந்த ஒளி கூடிக் குறைந்து பொய்யான ஏற்ற இறக்கத்தைக் காட்டும். அமைப்பு மாறும்போதெல்லாம் பின்னணியைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

ஒளியியல் படம் கிடைக்காதபோது (தூசி, சூரியனுக்கு அருகாமை) ஆஸ்கேப்பை நாடலாம். ஒரே பார்வையில் 30 சதுர டிகிரி. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 2017 மூலத்தின் உச்சம் 944 மெகாஹெர்ட்ஸில் சுமார் 200 மைக்ரோஜான்ஸ்கி, பத்து மணி நேரப் படத்தின் இரைச்சல் 40. அதாவது ஐந்து மடங்கு. தொலைவு இரட்டிப்பானால் 50 மட்டுமே மிஞ்சும், இரைச்சலில் மூழ்கிவிடும். 2019 ஏப்ரல் 25 மோதலின் பிழைப் பரப்பு 8,000 சதுர டிகிரிக்கு மேல். ஒரு சுற்றுக்கே 270க்கு மேற்பட்ட பார்வைகள் தேவை. அங்கே இந்த வழியைத் தொடவே வேண்டாம். துணிந்தால், பின்னொளிர்வு (மோதலுக்குப் பின் மெல்ல எழும் ரேடியோ ஒளி) எழுமுன் சில நாட்களுக்குள் ஒரு குறிப்புப் படம் எடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் ஏறியிறங்கும் ஒளிகொண்ட, கருந்துளையுள்ள பிற மண்டல மையங்களுக்கு நடுவே எது பழையது, எது புதியது என்றே பிரிக்க முடியாது.

மூன்றாவது வழியின் பலம் தாமதம். வழியில் விண்வெளியிலுள்ள எலெக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண்ணை அதிகம் பிந்தவைக்கும். சிதறல் அளவு (வழியிலுள்ள எலெக்ட்ரான்களின் மொத்தம்) 150 என்றால் 1.4 கிகாஹெர்ட்ஸில் தாமதம் 0.3 விநாடி, 150 மெகாஹெர்ட்ஸில் 28 விநாடி, 80 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை நிமிடம். எச்சரிக்கை வர அரை நிமிடம் ஆனாலும் 80இல் பிடிக்க நேரமுண்டு; 1.4இல் வாய்ப்பே இல்லை. ஆஸ்திரேலியாவின் குறைந்த அதிர்வெண் அணியான எம்.டபிள்யூ.ஏ.வின் ஆன்டெனாக்கள் அசைவதில்லை, மின்னணு முறையிலேயே சில விநாடிகளில் திரும்பிவிடும். பார்வையும் நூற்றுக்கணக்கான சதுர டிகிரி. ஆனாலும் இத்தகைய துடிப்பு இதுவரை உறுதியாகக் கிடைத்ததில்லை. மோதலில் தெறித்த பொருளே அதை மறைக்கலாம்.

கிடைக்கவில்லை என்ற முடிவுக்கும் மதிப்புண்டு. அதற்கு மூல மின்னழுத்தப் பதிவை (ஆன்டெனாக்கள் பிடித்த சமிக்ஞையை அப்படியே) அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மறுநாள் ஒளியியல் படத்திலிருந்து இடம் தெரிந்ததும், அதே பதிவில் அந்தப் புள்ளியை நோக்கிக் கற்றையை மறுபடி அமைத்துத் தேடலாம். சராசரியாக்கிய படங்களை மட்டும் வைத்திருந்தால் அது முடியாது.