பேக்லிங்க் பேக்கேஜ் விக்கிறவங்ககிட்ட உஷாரா இருங்க, முக்கியமா ஈரோடு பக்கம் ஜவுளி யாவாரம் பண்றவங்க

எங்க அக்கா வீட்டுக்காரர் பவானி ஜமக்காளம், சென்னிமலை பெட்ஷீட் ரெண்டும் ஆன்லைன்ல விக்கிறார். சின்ன வெப்சைட்தான், ஆனா ஆர்டர்ல பாதி கூகுள்ல தேடி வர்றவங்கதான். இதை மோப்பம் புடிச்சு ஒரு எஸ்இஓ ஏஜென்சி (கூகுள் தேடல்ல சைட்டை மேல கொண்டு வர்ற வேலை பண்றவங்க) வாட்ஸ்அப்ல வந்தாங்க. மாசம் 15,000 ரூபா, 500 பேக்லிங்க் (மத்தவங்க சைட்டுல இருந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்), எல்லாமே டிஏ 50க்கு மேல, மூணு மாசத்துல முதல் இடம் கேரண்டி. முதல் இடத்துக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே அதோட உதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கு. டிஏங்கறது மோஸ்னு ஒரு கம்பெனி சைட்டுகளுக்குப் போடற மார்க், கூகுள் அதைப் பாக்கறதே இல்ல.

மாசா மாசம் எக்செல் ஷீட் மட்டும் வந்துரும். தறிக்காரங்க, கூரியர், ஜிஎஸ்டின்னு ஓடற மனுஷன் மாமா, அவர் எங்க அதைத் தொறந்து பாக்கறது. ஆர்டர் படுத்துருச்சுன்னு அவர் சொன்னப்புறம்தான் நான் உக்காந்து ஒவ்வொரு லிங்க்கா தொறந்தேன், வயிறு எரிஞ்சுது. ரம்மி சைட்டு, லோன் சைட்டு, ஏதோ வெளிநாட்டு பல் ஆஸ்பத்திரி புதுப்பிக்காம விட்ட டொமைனை (சைட்டு முகவரியை) வாங்கி குப்பை கட்டுரையா நிரப்பி வச்ச சைட்டு. கார் இன்சூரன்ஸ் பத்தின கட்டுரைக்கு நடுவுல சம்பந்தமே இல்லாம "பவானி ஜமக்காளம் ஆன்லைன்"னு லிங்க் நிக்குது. அத்தனை சைட்டுலயும் அதே மூணு வார்த்தை! நிஜ ஆளுங்க லிங்க் குடுத்தா ஒருத்தர் கடை பேரைப் போடுவார், ஒருத்தர் இங்கதான் வாங்கினேன்னு போடுவார், இப்படி அச்சடிச்ச மாதிரி வரவே வராது.

2012ல பென்குயின் அப்டேட் (தேடல்ல சைட்டுகளை வரிசைப்படுத்தற முறையில கூகுள் செஞ்ச மாத்தம்) வந்ததுல இருந்தே கூகுள் இதைத்தான் குறி வச்சு அடிக்குது, 2016க்கு அப்புறம் பெரும்பாலும் இந்த மாதிரி லிங்க்கை கணக்குலயே எடுத்துக்கறது இல்ல, அதாவது குடுத்த காசு தண்டம். ஆனா கூகுள் ஆளு வச்சு பாத்து தண்டனையா மேனுவல் ஆக்‌ஷன் போட்டாங்கன்னா சைட்டு கீழ போயிரும், மாமாவுக்கு அதான் ஆச்சு.

இதுல என்னால ஜீரணிக்கவே முடியாதது ஒண்ணு. சர்ச் கன்சோலை (நம்ம சைட்டைப் பத்தி கூகுள் நமக்குத் தகவல் சொல்ற கணக்கு) அவங்களே அவங்க மெயில் ஐடியில செட் பண்ணிருக்காங்க, அதனால கூகுள் அனுப்பின எச்சரிக்கை அவங்களுக்குத்தான் போயிருக்கு. அதை மறைச்சுட்டு மாசம் தவறாம பணம் வாங்கிருக்காங்க. கேட்டா, "ரெகவரி பேக்கேஜ் இருக்கு சார், 40,000 ஆகும்"ங்கறாங்க. அவங்க வச்ச தீயை அணைக்க அவங்களுக்கே கூலி!

நல்லவேளை டொமைன் மாமா பேர்ல இருந்துச்சு. டிஎன்எஸ்ல (டொமைனோட செட்டிங்ஸ்ல) ஒரு ரெக்கார்டு சேத்து ஓனர்னு நாங்களே வெரிஃபை பண்ணி உள்ள போனோம். லிங்க்கை எடுக்கச் சொல்லி சைட்டுக்காரங்களுக்கு மெயில் போட்டோம், பாதிப்பேர் பதிலே இல்ல, மிச்சத்தை டிஸ்அவோ ஃபைல்ல (இந்த லிங்க்கை எல்லாம் கணக்குல எடுக்காதீங்கன்னு கூகுளுக்குக் குடுக்கற லிஸ்ட்) வரிக்கு ஒரு டொமைனா எழுதி ஏத்திட்டு, என்ன நடந்துச்சுன்னு விவரமா எழுதி கூகுளுக்கு மறுபரிசீலனைக்கு அனுப்பினோம். ஆக்‌ஷனை எடுத்துட்டாங்க. பழைய இடம் இன்னும் வரல.

இதுக்கு நடுவுல, மாமாகிட்ட ஜமக்காளம் வாங்கின ஒரு ஹோம்ஸ்டேக்காரர் அவர் சைட்டுல ரூம் போட்டோவுக்கு கீழ எங்க வாங்கினதுன்னு லிங்க் போட்டிருக்கார், அந்த ஒத்தை லிங்க்ல இருந்து வர்றவங்க ஆர்டர் போடறாங்க. நம்ம பொருளை வாங்கினவங்க, விக்கிறவங்க, நெசவைப் பத்தி எழுதறவங்க, இவங்க சைட்டுல வர்ற லிங்க்தான் லிங்க். எண்ணிக்கை சொல்லி விக்க வந்தா, போன மாசம் எந்தெந்த சைட்டுல போட்டீங்கன்னு கேட்டு தொறந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

அதே ஆளுங்க இப்ப வேற பேர்ல மத்த கடைக்காரங்களுக்கு மெசேஜ் பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன். ஏற்கனவே யார்கிட்டயாவது எஸ்இஓ குடுத்திருந்தீங்கன்னா இன்னைக்கே சர்ச் கன்சோல் செட்டிங்ஸ்ல யூசர்ஸ் லிஸ்ட்டைப் பாருங்க, ஓனர் உங்க மெயிலா இருக்கணும். அவங்க பேரை மட்டும் நீக்கினா பத்தாது, வெரிஃபிகேஷனுக்கு சைட்டுல போட்ட ஃபைல், கோடு எல்லாத்தையும் எடுத்துருங்க, இல்லன்னா திரும்ப உள்ள வந்துருவாங்க.