சக்கரம் வைத்த நதிக்கப்பல்: அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்

சேலத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில்தான் இருக்கிறார்கள். பெற்றோர் போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வருவது சகஜமாகிவிட்டது. நயாகரா பார்த்தாச்சு, வாஷிங்டன் பார்த்தாச்சு என்றானதும் பிள்ளைகளுக்கு அடுத்துத் தோன்றுவது, பின்பக்கம் பெரிய சிவப்புச் சக்கரம் சுற்றும் அந்தப் பழைய பாணி நதிக்கப்பல். "மெதுவாப் போகும், அலைச்சல் இல்ல, வயசானவங்களுக்கு ஏத்தது" என்று டிக்கெட்டைப் போட்டுவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் பலர் என்னிடம் வந்து "நல்லா இருக்குங்களா?" என்று கேட்பார்கள்.

என்னிடம் ஏன் என்றால், நான் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் அமெரிக்காவின் தென்பகுதியில் குடியேறிய நாளிலிருந்து, அங்கே போகும்போதெல்லாம் மிசிசிப்பியிலோ ஒஹையோவிலோ ஏதாவது ஒரு படகில் ஏறிவிடுவேன். மனைவி, மச்சான், சம்பந்தி வீட்டார், பேத்தி என்று ஒவ்வொரு தடவை ஒவ்வொருவரைக் கூட்டிப் போயிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: இந்தப் பயணம் ஒருவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதற்கும் அவர் வயசுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் சின்னப் பயணம். நியூ ஆர்லியன்ஸில் 'நாச்செஸ்' என்றொரு படகு ஓடுகிறது. நிஜமான நீராவிப் படகு. படகு 1975-ல் வந்தது, ஆனால் உள்ளே இருக்கும் எஞ்சின்கள் 1925-ல் செய்தவை. 'கிளேர்ட்டன்' என்ற பழைய படகிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். பகல் பயணம் இரண்டு மணி நேரம். ஜாஸ் வாசிப்பார்கள், சாப்பாடு வேண்டுமென்றால் தனி டிக்கெட். பிரெஞ்சுக் குவார்ட்டர் பக்கத்திலிருந்து கிளம்பி, சர்க்கரை ஆலையைத் தாண்டி, 1815-ல் ஆங்கிலேயரோடு சண்டை நடந்த சால்மெட் வரை போய்த் திரும்பும்.

எஞ்சின் ரூமுக்குள் பயணிகளும் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். மேட்டூரில் எங்கள் ஸ்டீம் டர்பைனுக்குள் போகும். நிமிஷத்துக்கு 3000 சுற்று. கேசிங்குக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கவே முடியாது, கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து மீட்டரைப் பார்ப்பதோடு சரி. இங்கே அத்தனையும் வெட்டவெளிச்சம். எண்ணெய் மினுமினுக்கும் பிஸ்டன் ராட் முன்னும் பின்னும் போய்வருகிறது. அதோடு 'பிட்மேன்' என்று சொல்கிற நீண்ட கை, ஆள் உயரத்தைவிட நீளமானது, பின்சக்கரத்தின் கிராங்கைத் தள்ளி இழுக்கிறது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் நின்றுவிட்டதோ என்று தோன்றும். அடுத்த கணமே புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுத் திரும்பிவிடும். சூடான எண்ணெயும் ஈர ஆவியும் கலந்த வாசனை. என் மனைவி வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டு, "உங்க யூனிபார்ம் துவைக்கிற வாசம்தாங்க இது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அவளுக்கு அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. நான் பாதி நேரம் அங்கேதான் நின்றேன்.

படகு கிளம்புவதற்கு முன் மேல்தளத்தில் 'கலியோப்' வாசிப்பார்கள். 32 ஊதல்கள், ஒவ்வொன்றிலும் ஸ்டீம், கீபோர்டு கட்டையை அழுத்தினால் அது கூவும். ஸ்டீம் பிரஷர் ஏற இறங்க சத்தமும் கொஞ்சம் ஏறி இறங்கும். நாகஸ்வரக் கச்சேரி என்றால் எந்த ஊருக்கும் போய்வரும் என் மச்சான் காதைப் பொத்திக்கொண்டு, "மாமா, ஸ்ருதியே சேரலையே!" என்றான். பேத்திக்கோ அன்றைய நாளே அதுதான். காது மெஷின் போட்டிருப்பவர்களைக் கலியோப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், அவ்வளவுதான் இதில் எச்சரிக்கை. மற்றபடி இரண்டு மணி நேரம் யாருக்கும் பாரமில்லை. கென்டக்கி பக்கம் பிள்ளைகள் இருந்தால் 1914-ல் கட்டிய 'பெல் ஆஃப் லூயிவில்' லூயிவில் நகரில் இருக்கிறது. மிசிசிப்பி பாணிப் படகுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதில் அதுதான் மூத்தது. நாச்செஸ் அளவுக்கு ஆரவாரம் இருக்காது, எனக்கு அந்த அமைதி பிடிக்கும்.

ஏழெட்டு நாள் பயணம் வேறு கதை.

மெம்பிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை போகும் பயணம் ஒன்றுக்கு மகள் எங்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாள். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். படகின் படத்தில் இரட்டைப் புகைபோக்கி, சிவப்புச் சக்கரம், மரச் சரிகை வேலைப்பாடு எல்லாம் இருந்தது. ஏறிய அன்று மாலையே எஞ்சின் ரூம் எங்கே என்று விசாரித்தேன். பாய்லரே இல்லை. டீசல். விளம்பரத்தில் 'நீராவிக் காலத்து அனுபவம்' என்று பெரிதாகப் போட்டிருந்தவர்கள் டீசல் என்பதை எங்கோ பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. சம்பந்தி தோளில் தட்டி, "கரன்ட் எதுல வந்தா என்னங்க சம்பந்தி, லைட்டு எரியுதுல்ல" என்றார். பாய்லர்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது!

விவரம் தெரிந்துகொள்ளுங்கள். ராத்தங்கல் பயணத்துக்குப் பேர்போன 'டெல்டா குயின்' 1927-ல் வந்தது. மேல்கட்டு மரம் என்பதால் தீ அபாயச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. விலக்கு 2008-ல் முடிந்ததும் ராத்தங்கல் பயணமும் நின்றது. அப்புறம் 1995-ல் கட்டிய 'அமெரிக்கன் குயின்' இருந்தது. 1930-களின் தூர்வாரிக் கப்பல் ஒன்றின் நீராவி எஞ்சின்களை அதில் வைத்திருந்தார்கள். அதை நடத்திய நிறுவனம் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஆகவே இன்றைக்கு மிசிசிப்பியில் ஒரு வாரம் தங்கிப் போகும் சக்கரக் கப்பல் என்றால் அநேகமாக டீசல்தான். வசதி என்று பார்த்தால் டீசல் கப்பல் ஒன்றும் குறைவில்லை. லிஃப்ட் இருக்கும், தனி பால்கனி இருக்கும், குளியலறை தாராளமாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் சௌகரியம். நீராவிதான் வேண்டும் என்பவர்கள் மட்டும் பாய்லர் உண்டா என்று நேரடியாகக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாய்லர் என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்து நதிப் பயணம் கண்ணாடி விளக்கும் இசையும் மட்டுமல்ல. 1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போர் முடிந்து சிறையிலிருந்து விடுபட்ட சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு 'சுல்தானா' என்ற படகு மெம்பிஸைத் தாண்டிப் போனது. 376 பேருக்கான படகு, ஏறியவர்கள் 2,000-க்கு மேல். கசிந்த பாய்லருக்கு முறையான ரிப்பேர் செய்யாமல் ஒரு தகட்டை ஒட்டிவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். நடு ராத்திரியில் வெடித்தது. ஆயிரத்துக்கு மேல் சாவு. நாங்கள் வேலையில் இருந்த காலத்தில் 1923-ஆம் வருஷத்து பாய்லர் சட்டத்தை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றாலே ராத்திரி பகலாக ஓடுவோம். அந்தப் பயம் எதற்கு என்று இந்த மாதிரி இடங்களில் நிற்கும்போது புரியும். இன்றைய படகுகளில் அந்த அபாயமில்லை, பயந்துவிடாதீர்கள்.

இனி, ஏழு நாளும் என்னதான் நடக்கும்? பிள்ளைகள் இதைத்தான் யோசிப்பதில்லை. கரையில் ஊர் ஊராகத் தெரியும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1927-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, நம் மேட்டூர் அணை எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த ஆற்றின் இரு பக்கமும் வெள்ளத் தடுப்புக் கரைகளை உயர்த்தினார்கள். படகிலிருந்து பார்த்தால் புல் முளைத்த கரை, மரம், மறுபடி கரை. நடுநடுவே ஒற்றை இழுவைப் படகு முப்பதுக்கு மேற்பட்ட சரக்குப் படகுகளை ஒன்றாகக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும், அது பார்க்க வேண்டிய காட்சி. பேடன் ரூஜ் நகரம் தாண்டினால் கெமிக்கல் ஆலைகள் வரிசைகட்டி நிற்கும். மேட்டூர்க்காரனுக்குப் புகைபோக்கியில் என்ன புதுசு?

சம்பந்தி ஆத்தூரில் ஜவ்வரிசி வியாபாரம். போனைக் கீழே வைக்காத மனுஷர். நேர வித்தியாசத்தால் ஊரில் எல்லோரும் தூங்கும் நேரம், இவருக்குப் பேச ஆளில்லை. முதல் நாள் மதியமே, "அடுத்த ஊரு எப்பங்க வரும்?" என்று ஆரம்பித்துவிட்டார். இறங்கியதும் முதல் ஆளாக பஸ்ஸில் ஏறி உட்கார்வார். மூன்றாம் நாள் படகின் சமையல்காரரிடம் கிழங்கு மாவு எங்கே வாங்குகிறீர்கள் என்று மகளை போனில் மொழிபெயர்க்கச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவரைவிட ஒன்றிரண்டு வயசுதான் இளையவர் சம்பந்தியம்மா. ஆத்தூர் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடியவர். மேல்தளத்து ஆடும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார், ஏழு நாளும் அதுதான் அவர் இடம். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து நாற்காலியில் டென்னசிப் பாட்டி ஒருவர். இவர் கை வளையலைக் காட்டுவார், அவர் பேரன் போட்டோவைக் காட்டுவார். எப்படித்தான் புரிந்துகொண்டார்களோ, இறங்கும் அன்று இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஒரே வீடு, ஒரே கேபின். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கப்பலில் பொழுதுபோக்கு என்பது பெரும்பாலும் பேச்சு. காலையில் ஆற்றின் வரலாறு, மதியம் உள்நாட்டுப் போர், ராத்திரி பாட்டும் நகைச்சுவையும். தென்மாநில உச்சரிப்பு. எனக்கே பாதி நழுவிவிட்டது. எல்லோரும் சிரிக்கும்போது நாமும் ஒரு நொடி தாமதித்துச் சிரிப்பது முதல் நாள் பரவாயில்லை, நாலாம் நாள் அலுத்துப்போகும். ஆக, நிகழ்ச்சி வேண்டும் என்பவர்களுக்கு ஆங்கிலம் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். நிகழ்ச்சியே வேண்டாம், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன் என்பவர்களுக்கு எந்த மொழியும் வேண்டாம்.

சாப்பாடு சைவர்களுக்குச் சிரமம். அந்த ஊர் ராஜ்மா சாதத்தில்கூட மாட்டிறைச்சியோ பன்றியோ தொத்திறைச்சியாகக் கிடக்கும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தனியாகச் செய்து தருகிறார்கள். எங்களுக்கு வந்தது பாஸ்தா, மறுநாள் பாஸ்தா, அதற்கு மறுநாள் காய்கறி போட்ட பாஸ்தா. பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோனது கைகொடுத்தது.

இறங்கும் இடங்களில் வெள்ளைத் தூண் வைத்த தோட்ட மாளிகைகளைக் காட்டுவார்கள். ஓக் மரச் சாலை, பட்டுத் திரை, வெள்ளிப் பாத்திரம். கரும்பு வெட்டியதும் பஞ்சு பொறுக்கியதும் யார் என்பதைச் சில இடங்களில் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். 'விட்னி' தோட்டம் அப்படியில்லை. 2014-ல் திறந்தது, அடிமைகளாக இருந்தவர்களின் கதையைச் சொல்வதற்காகவே நடத்துகிறார்கள், பெயர் பொறித்த சுவர்கள் இருக்கின்றன. மாளிகைக்கு ஒரு நாள் ஒதுக்குவதாக இருந்தால் அங்கே ஒதுக்குங்கள் என்பேன். கனமான இடம்தான். ஆனால் சம்பந்தி அங்கே மட்டும் மணி பார்க்கவில்லை.

உடம்பு விஷயம் சுருக்கமாக. கடல் கப்பல்போல ஆட்டம் இல்லை, வாந்திப் பயம் வேண்டாம். பின்பக்கக் கேபின் என்றால் சக்கரத்தின் அதிர்வு ராத்திரி முழுக்கக் கட்டிலில் தெரியும், முன்பக்கம் கேளுங்கள். அமெரிக்க நதிக்கப்பல்களில் டாக்டர் இருப்பார் என்று நம்பி ஏறாதீர்கள், மாத்திரை முழுதாகக் கையில் இருக்கட்டும், இன்சூரன்ஸ் இல்லாமல் ஏற வேண்டாம். அக்டோபர் சீசன் அழகுதான், ஆனால் ஆற்றில் தண்ணீர் குறையும் மாசமும் அதுதான். 2022 அக்டோபரில் நீர்மட்டம் இறங்கிப்போய்ப் பயணங்களைப் பாதியில் நிறுத்தினார்கள், ஏறி இறங்கும் ஊரை மாற்றினார்கள். பேப்பரைப் பிரித்ததும் அணை நீர்மட்டம் பார்க்கும் நமக்கு இது புரியாத விஷயமா?

உங்கள் பெற்றோர் எந்த ரகம் என்று தெரியவில்லையா? அமெரிக்கா போகும் முன் இங்கேயே சோதித்துவிடலாம். சேலத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து குன்னூர் வரை பல்சக்கர ரயிலைத் தள்ளுவது நீராவி எஞ்சின், பொன்மலைப் பட்டறையில் செய்ததும் அதில் உண்டு. நடுவில் தண்ணீர் பிடிக்க நிற்கும். அந்த மூன்றரை மணி நேரத்தில் ஜன்னலை விட்டு நகராமல் இருந்தார்களா, அல்லது கல்லார் தாண்டுவதற்குள் "பஸ்ஸுல போயிருந்தா ஊட்டிக்கே போயிருக்கலாம்" என்றார்களா என்று பாருங்கள். இரண்டாவது ரகத்துக்கு ஒரு வாரக் கப்பல் வேண்டவே வேண்டாம், அந்தப் பணத்தில் நாலு ஊர் சுற்றிக் காட்டுங்கள்.

இரண்டு மணி நேரப் படகு மட்டும் எல்லோருக்கும் பயமில்லாமல் போடலாம். சாப்பாடு சேர்க்காத பகல் டிக்கெட் போதும். ஏறியவுடன் எஞ்சின் ரூமில் கூட்டம் நெரியும், சால்மெட்டில் படகு திரும்பிய பிறகு போங்கள், எல்லோரும் ஜாஸ் பக்கம் போயிருப்பார்கள். உள்ளே நல்ல சூடு, பிரஷர்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்துவிடலாம்.