'ஃபுல் பிராஸ்' என்று விற்ற குழாய்: வாங்கும் முன் கீறிப் பாருங்கள்

வீட்டு பாத்ரூம் குழாய்களைத் தாங்களே மாற்ற நினைக்கும் குமரி மாவட்டத்து ஆட்கள், குறிப்பாகக் கடற்கரை ஊர்க்காரர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

எங்கள் வீடு குளச்சல் பக்கம். கடல்காற்றும் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சேர்ந்து பழைய குழாய்களை அரித்துவிட்டன. நாகர்கோவிலில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போய், "அண்ணாச்சி, உப்புத் தண்ணிக்குத் தாங்குற மாதிரி பித்தளையில வேணும்" என்று தெளிவாகவே கேட்டேன். "ஃபுல் பிராஸ் சார், பத்து வருசம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்று நீலப் பெட்டியில் நான்கு குழாய்களை எடுத்து வைத்தார். ஒன்று 480 ரூபாய். பில் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் போனால், ஜி.எஸ்.டி. போட்டால் விலை கூடும், இதுவே போதும் என்று 'எஸ்டிமேட்' என அச்சடித்த சீட்டை நீட்டினார்.

மாட்டுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. மாடி டேங்கின் கேட் வால்வை மூடி, பைப்பில் நின்ற தண்ணீரை வடித்து, பழைய குழாயைக் கழற்றினேன். சுவருக்குள் இருக்கும் எல்போவின் மரையில் ஒட்டியிருந்த பழைய டேப்பைச் சுரண்டி எடுத்தேன். புதிய குழாயின் மரையில் டெஃப்லான் டேப்பை மரை ஓடும் திசையிலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, கையால் போகும்வரை முறுக்கி, கடைசியில் துணி வைத்து ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கினேன். ஒழுக்கு எதுவும் இல்லை.

மாதம் முடியும் முன்னே ஒரு விடியற்காலை, அம்மை வாளியில் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்திருக்கிறார். குழாய் கழுத்தோடு முறிந்து கையிலேயே வந்துவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க, அம்மை வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்கு எழுபது வயது தாண்டியாயிற்று. அந்தக் கதவு மட்டும் கைக்கு எட்டாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது.

முறிந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பித்தளையின் மஞ்சள் நிறம் துளியும் இல்லை. கற்கண்டை உடைத்தது போலச் சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் நகத்தளவு மெல்லிசாகவும் வார்த்திருந்தார்கள். அந்த மெல்லிய பக்கம் கறுத்து, வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மீதிப் பக்கம் மட்டும்தான் அன்றைக்கு முறிந்தது, பளபளவென்று இருந்தது. அதாவது விரிசல் முன்னாலேயே விழுந்து, அதற்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மற்ற மூன்றையும் கழற்றி, மரைப் பக்கத்தை அரத்தால் தேய்த்தேன். மேலே மெல்லிசாகச் செம்பு நிறம், அதற்குக் கீழே அதே சாம்பல். துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, செம்பும் நிக்கலும் குரோமியமும் பூசிய சரக்கு அது. பித்தளையும் உப்புத் தண்ணீரில் மெல்ல அரிபடும்தான். ஆனாலும் நல்ல பித்தளை வருசக்கணக்கில் தாங்கும்.

பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. ஆனால் வெறும் படம்தான். உண்மையான முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண் இருக்கும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். அப்படியே மரைப் பக்கத்தைச் சாவியால் ஆழமாகக் கீறிப் பாருங்கள். கீறவிடாத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். காந்தத்தை நம்பாதீர்கள். பித்தளையிலும் அது ஒட்டாது, இந்தப் போலிக் கலவையிலும் ஒட்டாது.

முறிந்த துண்டோடு கடைக்குப் போனேன். "ஸ்பேனர் போட்டு ஓவரா முறுக்கியிருப்பீங்க சார். பிளம்பரை வச்சு மாட்டியிருந்தா நாங்க பொறுப்பு" என்றார். அரத்தால் தேய்த்ததைக் காட்டியதும், "விற்ற சரக்கைத் திரும்ப எடுக்கிறதில்ல" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். என்னை எரிச்சலாக்கியது இதுதான். முறுக்கினால் பித்தளை சாம்பல் நிறமாக மாறிவிடுமா?

சுவருக்குள் மாட்டிக்கொண்ட மரைத் துண்டை எடுக்கப் பக்கத்துத் தெரு பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டோம். ஹாக்ஸா பிளேடால் உள்ளே கீறி, உளியால் மடக்கி எடுத்தார். எல்போ மரையும் போய்விட்டதால் டைல்ஸை உடைத்து எல்போவை மாற்ற வேண்டியதாயிற்று. மொத்தம் 2,800 ரூபாய். அந்த டிசைன் டைல்ஸ் இப்போது கடைகளில் கிடைக்கவில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் வரும் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தேன். பணத்தைப் போனில் அனுப்பியிருந்ததால் கடையின் பெயரும் தேதியும் கையில் இருந்தன. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான் நான்கு குழாய்க்கான காசு வந்தது. டைல்ஸ் செலவுக்குக் கையை விரித்துவிட்டார்கள். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அந்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பாத்ரூமில் பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாய்தான் மாட்டியிருக்கிறோம். பார்க்க எடுப்பாக இருக்காது. ஆனால் உப்பு அதை அரிக்காது, விலையும் குறைவு.

அதே மாதிரிக் குழாயை ஏற்கெனவே மாட்டியவர்கள் இன்றைக்கே ஒன்றைக் கழற்றித் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் தெரிந்தால், மாற்றும்வரை ராத்திரியிலும் வெளியே போகும்போதும் டேங்கின் கேட் வால்வை மூடி வையுங்கள். வயசானவர்களைத் தனியே அந்தக் குழாயைத் திறக்க விடாதீர்கள்.