விக்கிடேட்டா வினவல் பக்கம்: ஓர் 'எஸ்' தின்ற சனிக்கிழமை

கானாடுகாத்தானில் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது என் பிழைப்பு. இளையாற்றங்குடி, மாத்தூர் தொடங்கி நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் ஒரே வரைபடத்தில் காட்டிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அது, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவுக் களஞ்சியமான விக்கிடேட்டாவின் வினவல் பக்கத்தில், அதாவது கேள்வி எழுதித் தரவு எடுக்கிற இடத்தில், கொண்டுபோய் விட்டது. காசு கிடையாது, கணக்குத் திறக்க வேண்டாம். ஒரு கேள்விக்கு அறுபது நொடிதான் கெடு. என் கேள்விகளுக்கு அதுவே தாராளம்.

ஸ்பார்க்கிள் என்கிற அந்த வினவல் மொழியில் எதையும் முழு இணைய முகவரியாகத்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் மேலே 'ப்ரிஃபிக்ஸ்' என்று போட்டு, இன்ன சுருக்கத்துக்கு இன்ன முகவரி என்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் அந்த வேலை இல்லை. டபிள்யூடி (wd), டபிள்யூடிடி (wdt), ஸ்கீமா (schema) போன்ற சுருக்கங்கள் எல்லாம் அதற்கு முன்பே தெரியும்.

எங்கள் ஐயாவிடம் சொல்லியிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார். அவருடைய பர்மாக் கடைப் பேரேட்டில் முழுப்பெயர் கிடையாது, 'மூனா சேனா' என்ற விலாசம்தான். தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டெழுத்திலேயே பாட்டன், அப்பன், வீடு எல்லாம் விளங்கிவிடும். அதே எழுத்து தேவகோட்டையில் வேறொரு வீட்டுக்கும் இருக்கலாம். இங்கேயும் அப்படித்தான். சுருக்கம் எதுவாகவும் இருக்கலாம், அதை விரித்தால் வருகிற முகவரிதான் கணக்கு.

முதலில் என்னைக் குழப்பியது டபிள்யூடியும் டபிள்யூடிடியும். விக்கிடேட்டாவில் ஒவ்வொரு பொருளுக்கும் பண்புக்கும் ஓர் எண் உண்டு. இந்துக் கோயில் என்பது கியூ842402 (Q842402), அதற்கு முன்னால் டபிள்யூடி வரும். 'இது இன்ன வகை' என்கிற பண்பான பி31-க்கு (P31) முன்னால் டபிள்யூடிடி வரும். நான் இரண்டுக்கும் டபிள்யூடியே போட்டேன். பிழை என்று ஒரு வார்த்தை இல்லை, முடிவு பூச்சியம். செட்டிநாட்டில் கோயிலே இல்லையாம்! அப்புறம்தான் கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தப் பழகினேன். சுருக்கத்தைப் போட்டு, பெயரில் நாலெழுத்து தட்டி அழுத்தினால் எண்ணை அதுவே தேடித் தருகிறது. இந்த ஒரு வசதிக்காகவே யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

ஆனால் இந்தச் செல்லம் வெளியே செல்லாது. தரவை என்-ட்ரிபிள்ஸ் என்கிற எளிய உரைக் கோப்பாக மடிக்கணினிக்கு இறக்கி, அதே வினவலைப் பைத்தான் நிரல்மொழியின் ஆர்டிஎஃப்லிப் (RDFLib) என்கிற நிரல் தொகுப்பில் ஓட்டினேன். டபிள்யூடிடி என்றால் என்னவென்றே தெரியாது என்று கைவிரித்துவிட்டது. சரி, நாமே எழுதுவோம் என்று உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து எடுத்து, 'விக்கி' என்று இருந்த இடத்தில் டபிள்யூடிக்கு 'என்டிட்டி' என்றும் டபிள்யூடிடிக்கு 'ப்ராப்/டைரக்ட்' என்றும் மாற்றிப் போட்டேன். மறுபடி பூச்சியம். ஒரு சனிக்கிழமை முழுக்க வீட்டு முகப்பில் உட்கார்ந்து தேடியதில், குற்றம் முகவரியின் ஐந்தாவது எழுத்தில் இருந்தது. உலாவியில் எச்டிடிபிஎஸ் (https), தரவுக்குள் பெயராக நிற்பதோ எஸ் இல்லாத எச்டிடிபி (http). உலாவிக்கு இரண்டும் ஒரே வாசல், வினவலுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். தப்பு என்னுடையதுதான், பக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். சுருக்கங்களின் முழு முகவரிகளை விக்கிடேட்டா உதவிப் பக்கங்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். இப்போது ஐந்து 'ப்ரிஃபிக்ஸ்' வரிகளை 'விலாசம்' என்ற கோப்பில் வைத்திருக்கிறேன். தேவை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வினவலுக்கும் மேலே ஒட்டிவிடுகிறேன். அந்தப் பக்கமும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறது.