அப்டேட்டுக்குப் பிறகு எழுத்து உடைந்த பிரவுசர்: பழைய லேப்டாப்போடு ஒரு நீண்ட அனுபவம்

என்னிடம் இருப்பது 2011 காலத்து இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 லேப்டாப். நான்கு ஜிபி ரேம், வின்டோஸ் 10. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மாலை வகுப்பு எடுக்கிறேன். கடந்தகால வினாத்தாள் இறக்குவது, பாட வீடியோ போட்டுக் காட்டுவது, பெறுபேறு வந்ததும் பிள்ளைகளின் சுட்டெண்ணை அடித்துப் பார்ப்பது என்று எல்லாமே பிரவுசரில்தான் நடக்கிறது. அதனால் ஓர் அப்டேட் வந்து பிரவுசரைக் குழப்பியபோது வகுப்பே தடுமாறிவிட்டது. இதே மாதிரி பழைய மெஷினை வைத்துக்கொண்டு சமாளிப்பவர்கள் மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

அப்டேட் முடிந்து பிரவுசர் திறந்ததும் பக்கம் ஒழுங்காகத்தான் வந்தது. கீழே உருட்டினால்தான் பிரச்சினை. நடுவில் கறுப்புச் சதுரங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய வரிகள். தமிழ் எழுத்துக்கள்தான் அதிகம் அடிபட்டன. ‘கணிதம்’ என்ற தலைப்பு ‘கணதம’ என்று நின்றது. மவுஸால் இழுத்து அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் ‘ணி’யின் விசிறியும் ‘ம்’மின் புள்ளியும் திரும்பி வந்துவிடும். வீடியோவில் சத்தம் மட்டும் கேட்கும், படம் பச்சையாக நிற்கும்.

இதில் ஒரு துப்பு இருக்கிறது. உடைந்து தெரிகிற அந்தச் சொல்லை கொப்பி பண்ணி நோட்பேட்டில் போட்டால் ‘கணிதம்’ என்று முழுசாக விழுந்தது. அப்படியென்றால் இணையத்திலிருந்து வந்த எழுத்து சரி. மவுஸால் தேர்ந்தெடுத்ததும் ஒழுங்காகத் தெரிவதால் எழுத்துருவிலும் பிழையில்லை. அதைத் திரையில் வரைகிற இடத்தில்தான் கோளாறு. உங்கள் மெஷினிலும் எழுத்து உடைந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள். ஒரு நிமிட வேலை, பாதி சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும்.

டவுனில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனபோது, “டீச்சர், மெஷின் பழசு, பழைய வேர்ஷனையே போட்டுத் தாறேன், அப்டேட்டை நிப்பாட்டிருங்க” என்றார் தம்பி. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் சம்மதிக்கவில்லை. பிரவுசர் அப்டேட்டில் பெரும்பங்கு பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது. வங்கிக் கணக்கைத் திறக்கிற பிரவுசரை ஓட்டையோடு விட முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபயர்பாக்ஸ் 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு பாவித்த புரொஃபைலை (நம் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும் கோப்புறை) பழைய பதிப்பில் திறக்க விடுவதில்லை, புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் காணாமல் போனதாகப் பலர் பதறுவது இதனால்தான். அவை அழிவதில்லை, பழைய புரொஃபைலில் அப்படியே இருக்கும்.

அப்புறம் வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஃபயர்பாக்ஸில் ஹெல்ப் மெனுவுக்குள் ‘ட்ரபிள்ஷூட் மோட்’ இருக்கிறது. அது எட்-ஓன்களையும் (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணை நிரல்கள்) ஹார்ட்வெயர் எக்சலரேஷனையும் (பக்கத்தை வரைகிற வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுப்பது) நிறுத்திவிட்டுத் திறக்கும். குரோமில் எட்-ஓன் இல்லாமல் பார்க்க ‘கெஸ்ட்’ ஜன்னல் போதும். எட்-ஓன்களை மட்டும் நிறுத்திப் பார்த்தபோது கறுப்புச் சதுரம் போகவில்லை. ஹார்ட்வெயர் எக்சலரேஷனை நிறுத்தியதும் எழுத்து அத்தனையும் நேராகிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும், அதனால் ஒன்றை மாற்றி, பிரவுசரை மூடித் திறந்து பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

நிறுத்தும் இடம்: ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், பெர்ஃபோமன்ஸ். அங்கே பரிந்துரைக்கப்பட்ட அமைப்பு என்ற சரி அடையாளத்தை எடுத்தால்தான் ஹார்ட்வெயர் எக்சலரேஷன் வரி கண்ணுக்குத் தெரியும். குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம்.

காரணம் இதுதான். அந்த இரண்டாம் தலைமுறை சிப்பில் இருக்கும் எச்டி 3000 கிராஃபிக்ஸுக்கு வின்டோஸ் 10க்கென்று இன்டெல் தனி டிரைவர் (சிப்பை வின்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்) வெளியிடவில்லை. பழைய டிரைவரை வைத்தே ஓடுகிறது. பிரவுசர்களோ பக்கத்தை வரைகிற வேலையை வரவர கிராஃபிக்ஸ் சிப்பிடமே கொடுக்கின்றன. புதிய வழியில் கேட்டால் பழைய டிரைவர் திணறுகிறது. அந்த வேலையை புரொசசருக்கே திருப்பிவிட்டால் கொஞ்சம் மெதுவானாலும் பிழையில்லாமல் நடக்கும்.

அதற்குப் பிறகு வந்த அப்டேட் ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை, எழுத்து மறுபடி உடையவும் இல்லை. அதற்குக் கொடுத்த விலை வீடியோவில்தான். 720இல் விக்குகிறது, 480இல் நன்றாக ஓடுகிறது, வகுப்புக்கு அது போதும், டேட்டாவும் மிச்சம். யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவங்கள் இந்தப் புரொசசருக்குப் பாரம். பழைய எச்.264 வடிவம் மட்டும் வரும்படி செய்கிற சிறிய எட்-ஓன் போட்டதும் ஃபேன் இரைச்சல் நன்றாகக் குறைந்தது. நான்கு ஜிபியில் டேப்களை அளவாகத் திறப்பதைத் தவிர வேறு மந்திரம் இல்லை.

அப்டேட்மேல் பழி விழுந்த இன்னொரு கதை. தலவாக்கலையில் தெரிந்த ஆசிரியை ஒருவரின் லேப்டாப்பில் எந்தத் தளமும் திறக்கவில்லை, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்றே வந்தது. மூலையில் திகதியைப் பார்க்கச் சொன்னேன், பல வருடம் பின்னால் நின்றது. உள்ளே கடிகாரத்தை ஓட்டுகிற சிஆர்2032 காசு பெட்டரி செத்திருந்தது. லேப்டாப் பெட்டரியும் பழசு, கரண்ட் போனால் கடிகாரம் ஆரம்பத்துக்கே போய்விடும், தளங்களின் சான்றிதழ் அந்தத் திகதிக்குப் பொருந்தாது. பெட்டரியை மாற்றியதோடு சரி. மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வின்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு: குரோம் 2023 ஜனவரியில் வந்த 109ஓடு நின்றுவிட்டது, ஃபயர்பாக்ஸில் 115 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) தான் கடைசி வரிசை. அதற்கு மேல் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத தளங்களில் எதையும் இறக்காதீர்கள். சிக்னல் விழுந்து எழும்புகிற இடமென்றால் முழு இன்ஸ்டோலரை டவுனில் பென் டிரைவில் எடுத்து வருவது நல்லது.

வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. என் புரொசசரை வின்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈயைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வருகிறேன். அதில் எக்சலரேஷனை நிறுத்தாமலே எழுத்து சுத்தமாக இருக்கிறது. மாறப்போகிறவர்கள் புக்மார்க், பாஸ்வேர்டோடு பாமினி (யுனிகோடுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துரு) எழுத்துருக் கோப்பையும் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் பழைய வினாத்தாள் கோப்புகளில் வெறும் ஆங்கில எழுத்துக்கள்தான் தெரியும்.