இளம் விண்மீன்களின் துடிப்பை அளக்கச் சிறந்த விண்வெளித் தொலைநோக்கி எது?

சூரியனைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு நிறையுள்ள விண்மீன், மையத்தில் ஹைட்ரஜன் எரியத் தொடங்குவதற்கு முன்பே, இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும் பருவத்திலேயே டெல்டா ஸ்கூட்டி வகைத் துடிப்பை, அதாவது சில மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப நிகழும் ஒளி ஏற்ற இறக்கத்தை, காட்டக்கூடும். சுருங்கச் சுருங்க அதன் உள்ளே ஒலியலை கடக்கும் நேரம் குறைவதால் துடிப்பு விரைவாகிறது. மோஸ்ட், கோரோ ஆகிய விண்கலங்களின் அளவீடுகளையும் கொண்டு 34 இளம் விண்மீன்களை ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் ஸ்விண்ட்ஸ் குழுவினர், 2014இல் இந்த உறவை அழகாக நிறுவினர்.

ஒளி நுழையும் துளையின் அளவை மட்டும் பார்த்தால் 95 செ.மீ. துளையுள்ள கெப்ளர் விண்கலமே முதலிடம் பெற வேண்டும். ஆனால் கோள்களைத் தேடுவதற்காகச் சிக்னஸ் விண்மீன் குழுவின் திசையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதன் வான்பகுதியில் இத்தகைய இளம் விண்மீன்கள் அரிது. மேலும் பெரும்பாலானவற்றை அது அரை மணிக்கு ஒரு முறையே பதிவு செய்தது. அரை மணிக்கும் குறைவான காலத்தில் துடிக்கக்கூடிய விண்மீன்களுக்கு அந்த இடைவெளி போதாது.

உண்மையான போட்டி கோரோவுக்கும் டெஸ் என்ற விண்கலத்துக்கும் இடையில்தான். 27 செ.மீ. தொலைநோக்கியுடன் 2006 டிசம்பரில் ஏவப்பட்ட கோரோ, தன் பார்வை எல்லைக்குள் நல்வாய்ப்பாக அமைந்த என்ஜிசி 2264 என்ற இளம் விண்மீன் கொத்தை 2008 மார்ச்சில் 23 நாட்களும், 2011 டிசம்பர் முதல் ஏறத்தாழ 40 நாட்களும் கண்காணித்தது. ஒரே மேகத்தில் பிறந்த விண்மீன்களை ஒன்றாக ஒப்பிட முடிந்ததே அதன் பெருமதிப்பு.

2018இல் ஏவப்பட்ட டெஸ்ஸின் நான்கு கேமராக்களும் 10.5 செ.மீ. துளையே உடையவை, ஆயினும் ஏறக்குறைய முழு வானத்தையும் பகுதி பகுதியாகப் பார்க்கும் அது, தேர்ந்த இலக்குகளை 2 நிமிடத்துக்கு ஒரு முறையும், 2020 முதல் சிலவற்றை 20 விநாடிக்கு ஒரு முறையும் அளக்கிறது. 2 நிமிட அளவீட்டின் விரைவால்தான், டிம் பெடிங் குழுவினர் 60 விண்மீன்களில் ஒழுங்கான உயர் அதிர்வெண் வரிசைகளைக் கண்டு 2020இல் அறிவிக்க முடிந்தது. எந்த அதிர்வெண் எந்த அதிர்வு முறையை (விண்மீன் அதிரும் வடிவத்தை) சார்ந்தது என்று அடையாளம் காண முடியாமல் இத்துறை பல்லாண்டுகள் தடுமாறியதால், இதை நான் மிகப்பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

எனினும் டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 கோணவிநாடி (ஒரு கோணவிநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) அகலமுடையது. நெருக்கமான கொத்தில் அண்டை விண்மீன்களின் ஒளியும் மேகத்தின் ஒளியும் அதற்குள் கலந்துவிடும். கூடவே, நாள் கணக்கில் நீளும் மெதுவான துடிப்புகளைப் பிரித்தறிய வானின் ஒரு பகுதிக்குக் கிடைக்கும் 27 நாட்கள் குறைவு.

ஆகவே தனித்து நிற்கும், பிரகாசமான இளம் விண்மீனுக்கு டெஸ்ஸையே பரிந்துரைப்பேன். என்ஜிசி 2264 போன்ற கொத்துக்கு, 2012இல் பணி முடங்கிய கோரோவின் பழைய தரவையே முதலில் எடுப்பேன்.