சட்டச் செயலாளர் ஆவதற்கான ஓர் இணையவழிப் பயிற்சி: படித்து முடித்தபின் ஒரு மதிப்புரை

வழக்கறிஞர் அலுவலகங்களில் செயலாளராகச் சேர விரும்புவோருக்கென நடத்தப்படும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் படித்து முடித்தேன். வேறு துறையில் பல ஆண்டுகள் தட்டச்சு வேலை பார்த்த எனக்கு, அந்தக் கைப்பழக்கத்தைச் சட்டத் துறைக்குக் கொண்டுபோக முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. ஏறக்குறைய இதே அமைப்பில் வேறு பயிற்சிகளும் நடக்கின்றன என்பதால் இதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் பகுதிக்காக மட்டுமே இதில் சேரலாம். பாடப்புத்தகத்தை யாரோ நிறுத்தி நிதானமாக வாசித்த பதிவுகளை அவர்கள் தரவில்லை. நடந்துகொண்டே பேசுகிறவர், பாதி வாக்கியத்தில் மனம் மாறி "அதை எடுத்துவிடுங்கள், இரண்டாம் பத்தியின் கடைசியில் சேருங்கள்" என்கிறவர், இருமிவிட்டு விட்ட இடத்தை மறந்து வேறிடத்தில் தொடங்குகிறவர் என்று உண்மையான அலுவலகத்தின் ஒலியே அந்தப் பதிவுகளில் இருந்தது. எது ஆவணத்தில் வர வேண்டிய சொல், எது எனக்கு இடப்பட்ட கட்டளை என்று காதால் பிரிக்கவே முதல் இரண்டு வாரங்கள் போயின. காலால் மிதித்து ஒலியை நிறுத்தவும் பின்னோக்கி ஓட்டவும் உதவும் மிதிக்கட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் பொறுமையாகக் கற்றுத் தந்தார்கள். 'பிரதிவாதி' என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் பதிவில் தேய்ந்துபோனால் காதில் 'வாதி' என்றுதான் விழும் என்பதும், அந்த ஒரு பிழையில் வழக்கே தலைகீழாகிவிடும் என்பதும் பயிற்சியின்போது நானே தவறு செய்து தெரிந்துகொண்டவை.

ஆனால் இந்தப் பகுதிக்கு மதிப்பெண் போடும் முறை எனக்கு உடன்பாடானதாக இல்லை. நிமிடத்துக்கு 60 சொற்கள் என்ற வேகத்தைப் பல வேலை விளம்பரங்கள் கேட்பதால், பயிற்சியும் அந்த எண்ணையே துரத்துகிறது. காற்புள்ளி விடுபட்டாலும் ஒரு மதிப்பெண்தான் குறைகிறது. விசாரணைத் தேதியில் இலக்கம் இடம் மாறினாலும் ஒரு மதிப்பெண்தான் குறைகிறது. 'செய்யலாம்' என்பது 'செய்ய வேண்டும்' ஆகிவிட்டால் ஓர் ஒப்பந்தத்தில் என்ன நடக்கும் என்பதை யாரும் விளக்கவில்லை.

ஆவணங்களை வடிவமைக்கும் பாடங்கள் பெரும்பாலும் தேறுகின்றன. பத்தி எண்களைக் கையால் இடாமல் தானாக வரும்படி அமைப்பது, நடுவில் ஒரு பத்தி நுழைந்தாலும் 'மேலே 14ஆம் பத்தியில் கூறியவாறு' போன்ற குறிப்புகள் தாமாகவே மாறிக்கொள்ளச் செய்வது, இரண்டு வரைவுகளை ஒப்பிட்டு எதிர்த்தரப்பு சத்தமில்லாமல் மாற்றிய சொல்லைக் கண்டுபிடிப்பது, பிரமாண வாக்குமூலத்தோடு சேரும் சான்றாவணங்களுக்கு வரிசையாகக் குறியீடு இடுவது ஆகிய அனைத்தும் முதல் நாளிலிருந்தே பயன்படும்.

இதே பகுதியில்தான் மன்னிக்க முடியாத பிழை ஒன்றும் இருக்கிறது. இரகசியமான வரிகளின் மேல் கறுப்புப் பட்டை வரைந்து பிடிஎஃப் கோப்பாகச் சேமித்தால் போதும் என்கிறது ஒரு பாடம். அப்படிச் செய்தால் எழுத்துகள் பட்டைக்கு அடியில் அப்படியே இருக்கும். யார் வேண்டுமானாலும் நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் படித்துவிடலாம். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் மறைக்கப்பட்டிருந்த பகுதிகளைச் செய்தியாளர்கள் இப்படித்தான் படித்தார்கள். எழுத்தையே கோப்பிலிருந்து நீக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் எழுதி அனுப்பினேன். பாடம் இன்னும் திருத்தப்படவில்லை.

இந்தத் தொழிலின் உயிர்நாடி என்று நான் கருதும் நாட்கணக்குக்கு, அதாவது நீதிமன்றக் கெடு நாட்களைக் கணக்கிடுவதற்கு, அரை மணி நேரக் காணொளி ஒன்றுதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதுவும் மின்னணு நாட்காட்டியில் நிறம் மாற்றுவதைப் பற்றியது. ஆணை கிடைத்த நாளைச் சேர்த்து எண்ணுவதா, விட்டுவிட்டு எண்ணுவதா, கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்பன ஊருக்கு ஊர் வேறுபடும் விதிகள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கெடுவையும் இருவர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுவது, கெடு நாளுக்கு மட்டுமன்றி அதற்குப் பல நாட்கள் முன்பாகவும் நினைவூட்டல் வைப்பது, எந்த விதியின்கீழ் கணக்கிட்டோம் என்பதை அந்தக் குறிப்பிலேயே எழுதிவைப்பது போன்ற பழக்கங்களை எங்கிருப்பவருக்கும் கற்றுத் தரலாம். வரைவில் விழுந்த பிழையைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. மேல்முறையீட்டுக் கெடு தவறினால் கட்சிக்காரரின் உரிமையே போய்விடக்கூடும். இதைக் கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு ஒன்பதாம் நாள் வந்த பதில், உங்கள் பகுதியின் விதிகளைப் பாருங்கள் என்ற ஒற்றை வரி.

தொலைபேசிப் பயிற்சி சிறிதாக இருந்தாலும் செம்மையானது. இன்னார் நம் கட்சிக்காரர் என்பதைக்கூட வெளியாருக்கு உறுதிப்படுத்தக் கூடாது என்பதையும், "என் வழக்கு ஜெயிக்குமா?" என்று கேட்பவருக்குக் கருத்துச் சொல்லாமல் அழைப்பை வழக்கறிஞரிடம் சேர்ப்பது எப்படி என்பதையும் நடித்தே காட்டினார்கள். வேலை நேரத்தை ஆறு நிமிடக் கூறுகளாகக் குறித்து வைக்கும் கட்டண முறைக்கு ஒரு பக்கக் குறிப்பே போதும், அதைத்தான் தந்திருக்கிறார்கள்.

விளம்பரத்தில் தூக்கிக் காட்டும் சான்றிதழை நம்பிச் சேர வேண்டாம். நேர்காணலுக்குச் சென்ற இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை. இரண்டு பக்க வரைவு ஒன்றைக் கொடுத்து, பத்துப் பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எட்டைக் கண்டேன். தவறவிட்ட இரண்டில் ஒன்று, முதல் பக்கத் தலைப்பில் ஒரு விதமாகவும் கையொப்பத்துக்குக் கீழே வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்த கட்சிக்காரரின் பெயர். பயிற்சியில் வரிக்கு வரி மெய்ப்புப் பார்க்கச் சொல்லித் தந்தார்களே தவிர, ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லித் தரவே இல்லை.